பிடித்த இடமும் விட்ட முனையும்

என்னுடைய கல்விக் கந்தோருக்கு முதல் தடவை வந்த அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகைத் தட்டைப் பார்த்தார். ஹட்டன் வட்டாரத்துப் பாடசாலைகளின் பழைய கோப்புகள் முழுவதும் அதன்மேல்தான் இருந்தன. தட்டின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து கிடக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தாழ்வைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இவர் நேரே சுவரோரம் போய், தட்டைத் தாங்கிய இரும்பு சுவருக்குள் நுழைகிற இடத்தை விரலால் தடவினார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

“வளையுறது ஒண்ணும் பண்ணாதுங்க சார். பிடிச்சிருக்கிற எடந்தான் விட்டுக்கிட்டு வருது.”

“மிஸ் என்ன அலுவலா வந்தனீங்கள்?”

“ஆய்வுகூடத்துக்கு ஒரு பித்தளைக் கவ்வி கேட்டிருந்தேன் சார். சின்னது போதும்.”

இறக்குமதி எல்லாம் இறுகிக் கிடந்த காலம். பித்தளைக் கவ்வி என்ன, நல்ல ஆணிகூட வராது. விண்ணப்பம் உரிய வழியில் மேலே போயிருக்கிறது என்று சொன்னேன். உரிய வழி என்பது மிக நீளமானது. அதில் போன பொருள்கள் அநேகமாகத் திரும்புவதில்லை. அவர் தலையாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். தட்டைப் பற்றி நான் கட்டடப் பகுதிக்கு முறைப்படி அறிவித்தேன். அறிவித்ததோடு என் கடமை முடிந்தது. ஆனாலும் அன்று பின்னேரம், ஒருவரும் பார்க்காத நேரத்தில், நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அவர் பௌதிகம் படிப்பித்தவர். கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையில், ரயில் பாதைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது அந்தப் பாடசாலை. தோட்டத்தில் பிறந்து, மிஷன் பாடசாலையில் படித்து, பட்டம் பெற்றுத் திரும்பி வந்தவர். அப்படித் திரும்பி வந்தவர்களை அந்த நாளில் விரல்விட்டு எண்ணலாம். குள்ளமான உருவம். கரை மெலிந்த சேலைக்கு மேலே எந்நேரமும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பேச்சில் தோட்டத்து வாசனையை மறைக்க அவர் முயன்றதில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் நிறைந்த ஒரு ஓய்வறையில் அதற்குத் தைரியம் வேண்டும்; அல்லது கவனமின்மை வேண்டும். அவரிடம் எது இருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

எதைக் கண்டாலும் அது எங்கே பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய குணம். பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடிக்க முன்பு, கம்பி கூரையில் திருகியிருக்கும் இடத்தை அண்ணாந்து பார்ப்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஏசுவார்கள். கலியாணப் பந்தலுக்குப் போனால் தோரணத்தைப் பாராமல் கால் நட்ட குழியைக் குனிந்து பார்ப்பார். பாடசாலையில் கதிரை ஆடினால் மற்றவர்கள் கதிரையை மாற்றுவார்கள். இவர் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மணி அடித்த பிறகும் பொருத்தைத் தடவிக்கொண்டிருப்பார்.

மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்த்தார். புதிதாக வந்த அதிபர் ஒருவர் ஆசிரியர்களை அதட்டிக்கொண்டு திரிந்தபோது எல்லோரும் நடுங்கினார்கள். இவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்: “அவருக்குப் பிடிமானம் கொழும்புல இருக்குங்க சார். இங்க ஆடுறது விட்ட முனை. அத பாத்து பயப்படக்கூடாது.” ஆறு மாதத்தில் கொழும்பில் ஆட்சி மாறியது. அதிபர் பூனைக்குட்டியானார்.

ஓய்வறையில் அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அவருடைய அப்பா லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தப்பு என்கிற பறையை அடிக்கிறவர். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, ஆட்களைக் கூப்பிடுவதும், சாவு வீட்டில் முன்னால் போவதும் அவருடைய தப்புத்தான். ஒரு கணித ஆசிரியர், எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்க்காரர், நான் பரீட்சை அலுவலாகப் போயிருந்த நாளில், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “மிஸ் எதைக் கண்டாலும் தட்டித் தட்டிப் பாக்கிறா. ரத்தத்திலை ஊறினது.”

மிஸ் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “தட்டிப் பாத்தாத்தானே சார் உள்ள ஒண்ணுமில்லன்னு தெரியும்,” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கணித ஆசிரியர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார். நான் அதை விரைவாக மேலே அனுப்பினேன். உரிய வழி சில வேளைகளில் குறுகியதாகவும் இருக்கும்.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதில்லை. “தகட்டு வேல” என்பார்.

தேயிலைத் தொழிற்சாலை அடுப்பின் கதவில், உள்ளே நெருப்பைப் பார்ப்பதற்கு மைக்கா பதித்த ஒரு சிறு துவாரம் இருக்கும். வெடித்துப்போன மைக்காவைத் தொழிற்சாலைக்காரர்கள் வெளியே வீசுவார்கள். அவர் அதைப் பொறுக்கி வந்து ஊசி முனையால் பிரிப்பார். பிரிக்கப் பிரிக்க அது வெங்காயச் சருகைப் போல உரியும். கடைசியில் தண்ணீரில் எண்ணெய் பரவியது போல நிறம் காட்டத் தொடங்கும். அப்போது அது தலைமுடியைவிட மெல்லியது. அதைச் சவர அலகினால் நகத்தளவு நீளக் கீற்றாக வெட்டி, ஒரு முனையைக் கவ்வியில் பிடித்து, மறுமுனையைச் சும்மா விட்டுவிடுவார். பழைய ரேடியோவின் ஒலிபெருக்கிக்கு மேலே அதை வைத்து, சத்தத்தின் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். குறித்த ஒரு சுருதியில் கீற்றின் விட்ட முனை பைத்தியம் பிடித்தது போல ஆடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முனை மங்கி விசிறியைப் போலத் தெரியும். தகடு எவ்வளவு விறைப்போ அவ்வளவு உயர்ந்த சுருதியில் ஆடும். சுருதி தெரிந்தால் விறைப்புத் தெரியும். இவ்வளவுதான் தகட்டு வேலை.

கேள்வி வெளிநாட்டிலிருந்து வந்தது. இப்படி மெல்லிய தகடுகளில் மேல்தோல் இறுகினால், அதாவது மேற்பரப்பில் தகைப்பு ஏறினால், தகடு முழுவதும் விறைத்துவிடும் என்று அங்கே சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். தடித்த பொருளில் தோலுக்கு மதிப்பில்லை. மெலிய மெலிய உடம்பு குறைந்து தோலே மிச்சம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நான் அரசாங்கத்தில் வேலை செய்தவன். தோலே மிச்சமாக இருப்பவர்கள் விறைப்பாக நிற்பதை நாளாந்தம் பார்த்திருக்கிறேன்.

அவர் நம்பவில்லை. ஒரு விடுமுறை நாளில், லிந்துலையில் ஒரு பாடசாலைக் கட்டடத்தைப் பார்வையிட்டுத் திரும்பிய என்னை, தன் அப்பா இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, கூட்டிக்கொண்டு போனார். கிழவர் வாசலில், தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்து லயத்தில் யாரோ செத்திருந்தார்கள். ஈரத்தில் தொய்ந்துபோன தோல் நெருப்பில் இறுகி, ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் ஏறிக்கொண்டு வந்தது.

“பாருங்க சார். தோல் இறுகுது, சத்தம் ஏறுது. வெளிநாட்டுக்காரங்க சொல்றது இதத்தான்.”

“அப்ப சரிதானே, மிஸ்?”

“தப்ப சுத்திவர பிடிச்சிருக்குங்க சார். எந்தப் பக்கமும் ஓடமுடியாது, அதனால இறுகுது. என் தகட்ட ஒரு பக்கந்தானே பிடிச்சிருக்கேன்? மத்த முனைய விட்டாச்சு. தோல் இழுத்தா தகடு கூடவே சுருங்கிக் குடுத்துரும். ஒரு பக்கத்துத் தோல் இழுத்தா வளைஞ்சு குடுத்துரும். வளையும். ஆனா விறைக்காது. விட்ட முனையில இறுக்கம் எங்க போயி நிக்கும்?”

கிழவர் தப்பிலிருந்து காதை எடுக்காமல் சிரித்தார். “பாப்பாவுக்கும் எனக்கும் ஒரே தொழிலுங்க, தொர. நான் தட்டுனா ஊருக்கே கேக்கும். அது தட்டுனா அதுக்கே கேக்காது. கண்ணாடி போட்டுத்தான் பாக்கணும்.”

“சும்மா இருங்கப்பா. சார் முன்னுக்கு.”

“சாருக்கும் ஒரு நாளைக்கு நாந்தானே தட்டணும்,” என்றார் கிழவர். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் இரண்டு நாடுகள் கூடித் தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்திருந்தன. அவருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்பாவுக்கும் தம்பிக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. ஒரே காம்பராவில் சோறு உண்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். தம்பிக்குப் போக விருப்பம். கிழவருக்கு இல்லை, அவர் பிறந்தது இங்கே, இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. முறைகளைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். நான் சொன்னேன்: இந்த நாட்டுப் பிரஜையான மகள் தனக்கென்று ஒரு வீடு வைத்து, தகப்பன் அங்கே தன் பராமரிப்பில் இருப்பதாகக் காட்டினால், கிழவருடைய பயணத்தைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டது மறந்துபோகும், எங்கள் நிர்வாகத்தில் கருணை என்பது மறதிக்கு இன்னொரு பெயர். ஆனால் லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். மிஸ்ஸோ பாடசாலை விடுதியில் இன்னொரு ஆசிரியையோடு அறை பகிர்ந்தவர். வீட்டுக்கு எங்கே போவது?

அந்த வீடு தகட்டு வேலை வழியாக வந்தது.

மாசி மாதத்தில், பனி கொட்டி வெயில் சுள்ளென்று எரிக்கும் நாட்களில், அவர் ஒன்றும் பூசாத வெறும் கீற்றுகளின் சுருதியைப் பார்த்து முடித்தார். சித்திரையில் அதே கீற்றுகளில் ஒரு பக்கத்துக்கு மரத்தளபாடத்துக்குப் பூசுகிற அரக்கை ஒரு பூச்சுப் பூசினார். அரக்கு காயும்போது சுருங்கும், தோலை இழுக்கும். கீற்று அழகாக மேலே வளைந்தது. வைகாசியில் இரண்டாம் பூச்சு. ஆனியில் மூன்றாவது. ஒவ்வொரு பூச்சுக்கும் வளைவு கூடியது. அவர் எதிர்பாராதது என்னவென்றால், அரக்கின் பாரத்தையும் தடிப்பையும் கணக்கில் கழித்த பிறகும் சுருதி ஒவ்வொரு பூச்சுக்கும் ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டுக்காரர் சொன்னதுதான் சரி. தகடு விறைத்தது.

“நான் நெனச்சது பிழைங்க சார்,” என்றார் என்னிடம். தோற்றவர் மாதிரிச் சொல்லவில்லை. கண் மினுங்கியது.

பல்கலைக்கழகத்தில் அவருக்குப் படிப்பித்த பேராசிரியர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு ரயிலேறி வந்தார். நல்ல மனிதர்; மழைக்கோட்டைக் கழற்றாமலே நுணுக்குக்காட்டியில் கண் வைத்தவர், நெடுநேரம் எடுக்கவில்லை. வெளிநாட்டில் பெரிய யந்திரங்களோடு காண்கிறதை இந்த மலையில் அடுப்பு மைக்காவில் கண்டதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. தன் பிரிவில் ஒரு உதவி விரிவுரையாளர் இடம் இருப்பதாகவும், அடுத்த மாதம் அறிஞர் கூட்டத்தில் இந்த முடிவைத் தானே முன்வைக்கப்போவதாகவும், அதைக் காட்டி இடத்தை வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். இடத்தோடு சிறிய விடுதி வீடு ஒன்றும் வரும். இரண்டு அறை, பின்னால் ஒரு குசினி.

பாடசாலையிலிருந்து அவரை விடுவிப்பதற்கான அலுவல்களை நான் பார்த்தேன். குடிவரவுப் பகுதிக்குக் கிழவர் சார்பில் எழுதவேண்டியதையும் எழுதி வைத்தேன். வீட்டு முகவரி மாத்திரம் நிரப்பவேண்டியிருந்தது. கிழவர் லயத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: “எம்மக வீட்டுக்குப் போறேன். குசினி தனியா இருக்காம்.”

தென்மேற்கு மழை அந்தப் பக்கத்தில் எப்படிப் பெய்யும் என்பதை அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாட்கணக்கில் எதிர் மலை தெரியாது. உப்பும் நெருப்புப்பெட்டியும் அடுப்புக்கு மேலே தொங்கும். சப்பாத்து பூஞ்சணம் பிடிக்கும். ஆடி மாதத்தில் அப்படியொரு காலையில், ஆய்வுகூடத்துக் கதவு திறக்க மறுத்தது. பாடசாலைப் பியோன் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிஸ் குடையோடு நின்றார். கட்டடத் திருத்தம் ஒன்றைப் பார்வையிட வந்த நானும் நின்றேன்.

“என்னண்ண, பூட்டு போச்சா?”

“பூட்டு இல்ல மிஸ். வருஷா வருஷம் இதே கூத்துதான். மாசியில காத்துக்கு ‘டபார் டபார்’னு அடிக்கும், சும்மா நிக்காது. மழ விழுந்துச்சுன்னா மரம் ஊதிக்கிட்டு விடாது. அந்தா, சட்டம் எப்படி கவ்வுது பாருங்க.”

மிஸ் கதவுச் சட்டத்தைப் பார்த்தார். கதவு திறந்தது. அவர் உள்ளே போகவில்லை. பியோன், “வாங்க மிஸ், தொறந்திருச்சு,” என்றார். அவர் சட்டத்தில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். நான் முகத்தைப் பார்த்தேன். சாவுச் செய்தி கேட்டவரின் முகம்.

பித்தளைக் கவ்வி வந்து சேரவேயில்லை. அவருடைய கவ்வி தேயிலைப் பெட்டியின் மூலைச் சட்டத்தில் அறுத்த இரண்டு மரத்துண்டு. நடுவில் ஒரு திருகாணி. மாசியில் காய்ந்து தளர்ந்து கீற்றைப் பிடித்த மரம், சித்திரையில் கொஞ்சம் ஊதி, வைகாசியில் இன்னும் ஊதி, ஆனியில் உடும்பாகக் கவ்வியிருந்தது. பிடி இறுகினால் சுருதி ஏறும். பூச்சுக்குப் பூச்சு ஏறியது தோலின் இறுக்கத்தால் அல்ல, மழையால். ஊரில் உள்ள பொருள்கள் அத்தனையும் எங்கே பிடித்திருக்கிறது என்று தடவிப் பார்த்தவர், தன்னுடைய கவ்வியை மட்டும் பார்க்கவில்லை. மழைக்கு முன்பும் பின்பும் கதவோடு மல்லுக்கட்டியே வளர்ந்த ஒருவர் செய்யக்கூடாத பிழை. அதே காரணத்தால்தான் செய்தார் என்று நினைக்கிறேன். அங்கே உள்ளவர்களுக்குக் கதவு இறுகுவது ஒரு செய்தியே இல்லை.

உள்ளே போய், மாசியில் சுருதி பார்த்து, பூசாமல் ஒதுக்கி வைத்திருந்த வெறும் கீற்று ஒன்றை எடுத்து, அதே கவ்வியில் பிடித்து ஆட்டினார். பூசியவை ஏறிய அளவுக்கு அதுவும் ஏறியிருந்தது. பிறகு ஒரு வாரமாக, இரும்புத் துண்டு இரண்டைத் தோட்டத்து வேலைத்தலத்தில் அராவி வாங்கி வந்து, எல்லாவற்றையும் மீண்டும் செய்தார். பூசினாலும் பூசாவிட்டாலும் ஒரே சுருதி. வளைந்தது, விறைக்கவில்லை. லயத்து வாசலில் முதலில் சொன்னதுதான் சரி.

பேராசிரியர் கண்டியில் வேறொரு அலுவல் முடித்து நுவரெலியாவுக்குப் போகும் வழியில், ஹட்டன் ஸ்டேசனில் அவரைச் சந்திப்பதாக ஏற்பாடு. துணைக்கு என்னையும் மிஸ் வரச் சொன்னார். எதிர் ரயிலுக்காக வண்டி தாமதித்து நின்றது. பயணிகள் தங்கும் அறையின் வாங்கிலில் மூவரும் இருந்தோம். மிஸ் முழுவதையும் சொன்னார். பேராசிரியர் தேநீரைக் குடிக்காமல் கேட்டார்.

“இதை இப்ப சொல்லத்தான் வேணுமோ, பிள்ளை?”

“பிழை தானே சார்.”

“பிழை எண்டு உமக்கும் எனக்கும்தான் தெரியும். நீர் முதலிலை வந்து சேரும். அங்கை நல்ல கவ்வி கிடக்கு. வந்து ஒரு வருஷத்திலை நீரே திருத்தி எழுதலாம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்.”

“அப்ப நீங்க கூட்டத்துல என்னன்னு சொல்லுவீங்க?”

பேராசிரியர் மழையைப் பார்த்தார். “ஒரு மாற்றமும் இல்லை எண்ட முடிவுக்கு ஒருத்தரும் இடம் தரமாட்டினம், பிள்ளை. முழுக்கப் பூச்சியமோ?”

“முழுக்க இல்லைங்க சார். பிடிச்ச எடத்துக்கு ஒட்டினாப்பல ஒரு சொட்டு இருக்கணும். அங்க தோலுக்குச் சுருங்கிக் குடுக்க வழியில்ல, கவ்வி விடாது. அந்த எடத்துல மட்டும் இறுக்கம் அப்படியே நிக்கும். ஆனா அது ரொம்பக் கொஞ்சம். அளக்க என்கிட்ட ஒண்ணுமில்ல.”

“ஒரு சொட்டு,” என்றார் பேராசிரியர்.

நான் தலையிட்டேன். என் சுபாவத்துக்கு விரோதமாக. “மிஸ், அப்பாவின்ரை அலுவலையும் ஒருக்கா யோசியுங்கோ. வீட்டு விலாசம் இல்லாமல் நான் ஒண்டும் செய்யேலாது.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்னிடம் எந்த இடம் உதிர்கிறது என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஒரு வாரமா அத மட்டுந்தான் சார் யோசிச்சேன்,” என்றார்.

எதிர் ரயில் வந்தது. பேராசிரியர் அவருடைய தலையில் கை வைத்துவிட்டு ஏறினார். கூட்டத்தில் அவர் ஒன்றும் முன்வைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த இடம் வேறு யாருக்கோ போனது. சில ஆண்டுகள் கழித்து யாரோ சொன்னார்கள்: வெளிநாட்டிலும் அந்தக் கதையைக் கைவிட்டுவிட்டார்களாம். விட்ட முனையில் இறுக்கம் நிற்காது என்று அவர்களே எழுதிவிட்டார்களாம். மிஸ்ஸிடம் சொன்னேன். “நல்லது,” என்றார்.

அடுத்த ஆண்டு தை மாதத்தில் கிழவரும் தம்பியும் போனார்கள். இந்தியாவுக்குப் போகிறவர்களின் ரயில் அந்தக் காலத்தில் எப்படிப் புறப்படும் என்று கண்டவர்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் யன்னல் வழியாக ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓலமிடுவார்கள். ரயில் நகரும், அப்போதும் விடமாட்டார்கள். பொலிஸ்காரர் வந்து விரல்களைப் பிரிப்பார்கள். கிழவர் தப்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

“பாப்பா, அந்த ஊர்ல மழ இல்லியாம். தப்பக் காய்ச்சவே தேவயில்லியாம்.”

“சரிங்கப்பா.”

“நீ அந்தத் தகட்ட விட்டுறாத.”

“சரிங்கப்பா.”

பெட்டிக்குள் இருந்தவர்களின் அழுகை வளைவு தாண்டியதும் கேட்கவில்லை. அவர்களுக்கு அழுது தீர்க்க வழி இருந்தது. மிஸ் மேடையில் நின்றார். அழவில்லை. கம்பளிச் சட்டையின் கைநுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மற்ற எல்லாரும் போய்விட்ட பிறகும் அந்தப் பிடி தளரவில்லை. நான் குடையை விரித்து, மூடி, மீண்டும் விரித்தேன்.

நீலகிரிப் பக்கத்தில் எங்கோ ஒரு தோட்டத்தில் கிழவர் செத்துப்போனதாக ஒரு மழைக்காலத்தில் தந்தி வந்தது. தம்பி கொடுத்திருந்தான். நாட்டை விட்டு வெளியே போக அரசாங்க ஊழியருக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காரணம் வேண்டும். காரணத்துக்கு அத்தாட்சி வேண்டும். மரண அத்தாட்சிப் பத்திரம் அந்த நாட்டிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் நான் அறிவேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அனுமதி வந்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் காரியமும் கழிந்திருந்தது. மிஸ் அனுமதியை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அவருக்கு யார் சார் தட்டியிருப்பா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கு என்னிடம் நடைமுறை எதுவும் இல்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் பக்கமும் எரிந்தது. கடைகள் எரிந்தன, லயங்கள் எரிந்தன, பாடசாலையில் விஞ்ஞானக் கட்டடம் எரிந்தது. என்னைப் போன்ற வடக்குக்காரர்களை முகாம் ஒன்றில் வைத்து, பிறகு ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் அடங்கிய பின், பொறுப்பை ஒப்படைக்கத் திரும்பி வந்த என்னிடமே பாடசாலையின் இழப்பு அறிக்கையையும் எழுதச் சொன்னார்கள். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. என்ன எரிந்தது என்று எழுத அதில் இடமுண்டு. யார் எரித்தார்கள் என்பதற்கு இடமில்லை.

கூரை விழுந்த ஆய்வுகூடத்துக்குள் மிஸ் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு எனாமல் கோப்பை. மழையில் நனைந்த சாம்பலைக் குச்சியால் கிளறி, எதையோ பொறுக்கிக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். விடுதியும் போய்விட்டது, அருகில் ஒரு கோயில் மண்டபத்தில் மற்றவர்களோடு தங்கியிருந்தார். யாரோ கொடுத்த, அளவு பெரிதான சட்டை. கம்பளி இல்லை.

“மிஸ்.”

நிமிர்ந்தார். “சார் மறுபடி எப்ப ஊருக்குப் போறீங்க?”

“நாளைக்கு.”

“ஒங்க கந்தோர் தட்டு விழுந்துருச்சா?”

“இல்லை. கந்தோருக்கு ஒண்டும் நடக்கேல்லை. தட்டும் அப்பிடியே கிடக்கு.”

“நாக்காலி?”

அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. “தள்ளித்தான் கிடக்கு,” என்றேன். சிரித்தார். முன்வரிசையில் ஒரு பல் இல்லை. முன்பு இருந்தது. நான் கேட்கவில்லை.

கோப்பையைக் காட்டினார். மைக்காக் கீற்றுகள். “இது எரியாதுங்க சார். அடுப்புக் கதவுல இருந்த சாமான்தானே. அரக்கு எரிஞ்சிருச்சு. வளைஞ்சு கெடந்ததெல்லாம் நேராயிருச்சு, பாருங்க.” மரக் கவ்வி இருந்த இடத்தில் திருகாணி மாத்திரம் கிடந்தது. இரும்புக் கவ்வியை யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

வவுனியாப் பக்கம் சனம் போகிறது, காணி கொடுக்கிறார்களாம், மிஸ்ஸும் வரலாமே என்றேன். அவர் குச்சியால் சாம்பலை மறுபடி கிளறினார். நான் திரும்பியிருக்கவேண்டும். ஆனால் ஐந்து வருடமாக என்னிடம் ஒரு கேள்வி கிடந்தது. இனிக் கேட்க இடம் கிடைக்காது என்று தெரிந்தது.

“மிஸ், அண்டைக்கு ஸ்டேசனிலை நீங்கள் ஒண்டும் சொல்லாமல் விட்டிருந்தா?”

அவர் ஒரு கீற்றைத் தேர்ந்து எடுத்து, சாம்பலைச் சேலையில் துடைத்தார். ஒரு முனையைப் பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து இறுகப் பிடித்தார். பிடித்த இடத்தில் நகம் வெளுத்தது.

“அப்பா போயிருக்க மாட்டாரு சார்,” என்றார்.

பிறகு மற்றக் கையால் விட்ட முனையை மெல்லச் சுண்டினார். அது ஆடியது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

“இது இப்படியேதான் ஆடியிருக்கும்.”